நாற்காலிக்குப் பின்னால் ஐந்து நிமிடம்

ஜூன் 6

விமானங்களுக்கு வழி சொல்லும் அறையில், ஜூன் 3 காலை ஆறு மணியளவில் மேசையில் இருந்தவருக்கு,

நடந்தது எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவேன். உங்களை ஐயா என்பதா, அம்மா என்பதா என்பதே எனக்குத் தெரியாது. அதனால்தான் மேலே மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண். எப்போதும் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பதால் வீட்டில் என்னைப் பேனா என்று கூப்பிடுவார்கள். அப்பா கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க மற்றவர்களைச் சுவரிலிருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிப் பிழைப்பவர் என்று அம்மா கேலி செய்வாள். அம்மா துணை விமானி. தோளில் மூன்று பட்டை. அடுத்த மாதம் நான்காவது பட்டை வந்து கேப்டன் ஆகியிருக்க வேண்டியவள்.

ஜூன் 3 காலை, நேராகப் போக வேண்டிய இடத்தில் அம்மாவின் விமானம் இடதுபுறம் திரும்பிவிட்டது. மலைப்பக்கத்திலிருந்து இன்னொரு விமானம் இறங்கிக்கொண்டிருந்ததாம். இரண்டுக்கும் நடுவில் ஐந்து மைல் இருக்க வேண்டும். நான்கு கூட இல்லை என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். உங்கள் அறையிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டு உடனே வலதுபுறம் திரும்பச் சொன்னது. அவர்கள் திரும்பினார்கள். அன்று மத்தியானம் அம்மா வீட்டுக்கு வந்தாள். ஷூவைக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் முக்கியம். அதற்காக உங்களுக்கு நன்றி.

இந்தக் கடிதத்தில் பாதிதான் நன்றி. மீதிப் பாதி சண்டை. உங்கள் அறையிலிருந்து எழுத்தில் புகார் போனதால் அம்மாவைப் பறக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வாயால் சொன்னது போதாதா? எங்கள் கணக்கு டீச்சர்கூட முதல் தடவை வாயால்தான் சொல்வார்.

(இரண்டாம் பக்கம்)

ஏன் அப்படி ஆனது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தால் அம்மாமேல் கோபம் குறையும் என்பதால் எழுதுகிறேன். போக வேண்டிய பாதை முந்தைய நாளே ஒரு பெரிய தாளில் வந்துவிடுமாம். அதை விமானத்தின் கணினியில் ஏற்றிவிட்டார்கள். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் அறையிலிருந்து, முதல் திருப்பத்தை மாற்றி, பஸ் டிக்கெட் மாதிரி ஒரு சின்னச் சீட்டு அச்சாகி வந்தது. அம்மா அதைப் படித்தாள். ஏற்றுக்கொண்டோம் என்று பதிலும் அனுப்பினாள். கணினியில் மாற்றப் போகும்போது பணிப்பெண் வந்து சக்கர நாற்காலிப் பயணி ஒருவரைப் பற்றிக் கேட்டாள். அம்மாவோடு ஓட்டும் கேப்டன் மாமா, பெட்டி ஏற்றுவது தாமதமாகிறது என்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அம்மா பாதையை வாசித்தாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரையைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டார். எல்லாம் பொருந்தியது. அம்மா வாசித்தது சீட்டிலிருந்து அல்ல, மடியிலிருந்த பழைய பெரிய தாளிலிருந்து. பழைய தாளும் கணினியிலிருந்த பழைய பாதையும் பொருந்தாமல் எப்படி இருக்கும்?

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. பாத்த தாள்தான் தப்பு," என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

நேற்று மாலை கேப்டன் மாமா வீட்டுக்கு வந்தார். அவர் ஓய்வுபெற நான்கு மாதம் இருக்கிறது. நான் பக்கத்து அறையில் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, கதவு திறந்திருந்தது. அவர் சொன்னது இது: "இங்க பாரும்மா, பாதை மாறுனது சரியா புரியலைன்னு எழுதிடுவோம். எந்தத் தாளைப் பாத்து வாசிச்சோம்னு யாரும் கேக்கப் போறதில்ல." அம்மா தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

விசாரணைக்கு அம்மா இன்னும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் மறுபடி பறக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
பேனா

*

ஜூன் 9

பேனாவுக்கு,

நான் ஐயா இல்லை. அம்மா என்று கூப்பிடும் அளவுக்கு வயதும் ஆகவில்லை. அக்கா என்று வைத்துக்கொள். உன் கடிதம் மூன்று மேசை சுற்றி, நல்லவேளையாகப் பிரிக்கப்படாமல் என்னிடம் வந்தது. உறைமேல் 'மேசையில் இருந்தவருக்கு' என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்து எங்கள் அறையில் ஒரு நாள் முழுக்க எல்லோரும் என்னை மேசை என்றே கூப்பிட்டார்கள்.

விசாரணை பற்றி எழுத எனக்கு அனுமதி இல்லை. அதனால் மற்றதை எழுதுகிறேன்.

உன் இரண்டாம் பக்கத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நான்காவது வரியிலேயே நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் முழுவதும் படித்துவிட்டேன். நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்கே தெரிந்திருக்காது. உன் அம்மா இன்னும் யாரிடமும் எழுதிக் கொடுக்காத ஒன்றை, எழுத வேண்டாம் என்று ஒருவர் சொல்லியிருக்கும் ஒன்றை, அவளைப் பற்றிப் புகார் எழுதிய அறைக்கே தபாலில் அனுப்பியிருக்கிறாய்.

பயப்படாதே. அதை நான் யாரிடமும் காட்டவில்லை, நகல் எடுக்கவில்லை. அது உன் அம்மாவின் கையால் வர வேண்டிய செய்தி. ஆனால் நீ உண்மையை எழுதுகிறவள், அதனால் உனக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாளை யாராவது என்னை நேருக்கு நேராகக் கேட்டால், எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன்.

எல்லா விமானிகளுக்கும் தெரிந்த ஒரு விதி உண்டு. தவறு நடந்து பத்து நாளுக்குள் தானே முன்வந்து முழுவதும் எழுதிக் கொடுப்பவருக்குத் தண்டனை கிடையாது, பயிற்சி மட்டும்தான். பத்தாம் நாள் ஜூன் 13. பாதியை எழுதினால் அந்த விதி காப்பாற்றாது. உன் அம்மாவுக்கு இது தெரியும். தெரிந்தும் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தாள் என்றால், அவள் மனதில் இருப்பது தண்டனை இல்லை, தள்ளிப்போகும் நான்காவது பட்டை. அதுவும் சின்ன விஷயம் இல்லை.

உன் சண்டைக்குப் பதில்: வாயால் சொன்னது அன்றைய விமானத்துக்கு. எழுத்தில் சொன்னது அடுத்த விமானத்துக்கு.

இந்தப் பக்கத்தை என்ன செய்வது என்று நீ முடிவு செய்.

அக்கா

*

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவருகிலேயே நின்று படித்தேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒளித்துவைக்கலாமா என்று முதலில் யோசித்தேன். அகராதிக்குள் வைத்தேன். பிறகு எடுத்தேன். ஒளித்துவைத்தால் அந்தப் பக்கம் இல்லாமல் போய்விடாது, அம்மாவுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்பதுதான் தெரியாமல் போகும் என்று தோன்றியது.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகாத இந்த ஒரு வாரத்தில் வீட்டில் மடிக்காத துணியே இல்லை. பக்கத்தைக் கொடுத்தேன். உங்கள் கடிதத்தையும் கொடுத்தேன். அவள் நின்றுகொண்டே படித்தாள், உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள்.

"யாருக்கு அனுப்பின?"

சொன்னேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடித்துவைத்த சட்டைகளை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். இரவுச் சாப்பாட்டின்போது என்னைப் பார்க்கவில்லை. அப்பாதான் எனக்கும் அவளுக்கும் நடுவில் ஏதேதோ பேசினார், கடைக்கு வந்த ஒருவர் மாமியாரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்வை சரியில்லை என்று சண்டை போட்டதைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பாவம் அப்பா.

இன்று காலை நான் எழுந்தபோது அம்மா சாப்பாட்டு மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் எழுதிய பக்கத்தை அருகிலேயே விரித்து வைத்திருந்தாள். நான் நின்றதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"உன் கையெழுத்துல என் தப்பு இன்னும் பெருசா தெரியுது, பேனா."

மன்னித்துக்கொள் என்றேன்.

"எதுக்கு? நீ ஒண்ணும் கூட்டி எழுதலையே. எனக்குத்தான் எந்தத் தாளைப் பாத்தேங்கிற அந்த வரியைத் தவிர மத்ததெல்லாம் எழுத வந்துச்சு. பத்து தடவை எழுதிட்டேன், அந்த வரி மட்டும் வரல." பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காரு. நான் எழுதினதை நான் வாசிக்கிறேன். நீ உன் தாளைப் பாத்துச் சரியான்னு சொல்லு. ம் போடாத. வாயைத் திறந்து சொல்லு," என்றாள்.

அப்படியே செய்தோம். பணிப்பெண் வந்தது, சக்கர நாற்காலி, கேப்டன் மாமாவின் போன், மடியிலிருந்த பழைய தாள். ஒன்று விடவில்லை. நான் ஓரிடத்தில் நிறுத்தினேன். 'அவசரத்தில்' என்று அவள் எழுதியிருந்தாள். என் தாளில் அந்தச் சொல் இல்லை. "அவசரம் இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன். "இல்ல. நேரம் இருந்துச்சு," என்று அந்தச் சொல்லை அடித்துவிட்டாள்.

அனுப்புவதற்கு முன் கேப்டன் மாமாவுக்குப் போன் செய்து சொன்னாள். அம்மா போனைக் காதில் வைத்துச் சன்னலைப் பார்த்தபடி நின்றாள். பதினொரு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் ஷூவைக் கழற்றினாள்.

பக்கத்தைத் திருப்பி அனுப்பியதற்கு நன்றி, அக்கா. நீங்கள் அதை வைத்துக்கொண்டிருந்தால் அம்மாவுக்கு இந்தக் காலை கிடைத்திருக்காது.

பேனா

*

ஜூலை 4

பேனாவுக்கு,

விசாரணை முடிந்துவிட்டது. இனி எழுதலாம்.

முதலில் உன் நன்றியைப் பங்கு போட வேண்டும். அன்று காலை உன் அம்மாவைக் கூப்பிட்ட குரல் என்னுடையது இல்லை. இரவு முழுக்க மேசையில் இருந்தது நான்தான், அந்தச் சீட்டை அனுப்பியதும் நான்தான். ஆனால் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் பணி முடிந்துவிட்டது. மொட்டை அண்ணன் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு அந்தப் பெயர் நான் வைத்ததில்லை, தலை வைத்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பொறுப்பை ஒப்படைத்த பிறகும் உடனே போகக்கூடாது. அடுத்தவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். வந்தவருக்குக் கண் பழக அவ்வளவு நேரம் ஆகும். போகிறவருக்கு மனதில் எல்லாம் இன்னும் சூடாக இருக்கும். உண்மையைச் சொன்னால், இரவெல்லாம் உட்கார்ந்தவளுக்கு அந்த ஐந்து நிமிடத்தைப் போல எரிச்சல் வேறில்லை. பாதிப் பேர் மூன்று நிமிடத்தில் நழுவிவிடுவார்கள். நானும் நழுவியிருக்கிறேன்.

அன்று என் வண்டி பழுது. மொட்டை அண்ணனின் தம்பி ஆறு மணிக்கு மேல்தான் வாசலுக்கு வந்து என்னை ஏற்றிப்போவதாக இருந்தது. வேறு வேலை இல்லாததால் நின்றேன். நான்காவது நிமிடம், நேராகப் போக வேண்டிய ஒரு புள்ளி இடதுபுறம் சாய்ந்தது. திரையில் உங்கள் விமானம் அவ்வளவுதான், புள்ளியும் பக்கத்தில் இரண்டு வரியும். அதை நேராகப் போகச் சொன்னது எனக்கு நினைவிருந்தது, ஏனென்றால் நான்தானே மாற்றினேன். அண்ணனின் தோளைத் தட்டினேன். அவர் கேள்வி கேட்காமல் கூப்பிட்டார். உன் அம்மாவும் கேள்வி கேட்காமல் திரும்பினாள். ஏன் என்று பிறகுதான் கேட்டாள். முதலில் ஏன் என்று கேட்டிருந்தால் நான்கு மைல் மூன்றாகியிருக்கும். அன்று வீட்டுக்குப் போய் நான் தூங்கவில்லை. வண்டி பழுதாகாமல் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

என் பங்குத் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்ததும் நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். பாதை மாறியிருக்கிறது, கவனித்தீர்களா என்று வாயால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இதை நானும் எழுதிக் கொடுத்தேன். உன் பக்கத்தைத் திருப்பி அனுப்பிய அன்றுதான் எழுதினேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குப் புத்தி சொல்லிவிட்டு நான் சும்மா இருக்க முடியவில்லை.

இனி நல்ல செய்தி. உன் அம்மா எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய கோப்புகளை எல்லாம் தேடினார்கள். போன ஒரு வருடத்தில் ஏழு விமானங்கள் இதே மாதிரி பழைய பாதையில் திரும்பியிருக்கின்றன. ஏழு பேரும் 'சரியாகப் புரியவில்லை' என்று எழுதியிருந்தார்கள். அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எந்தத் தாளைப் பார்த்து வாசித்தேன் என்று எழுதியது உன் அம்மா ஒருத்திதான். இந்த மாதத்திலிருந்து பாதை மாறினால் சீட்டின் முதல் வரியே அதைப் பெரிய எழுத்தில் சொல்லும். அது போக, நாங்கள் வாயாலும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

அந்த வரி வரவே இல்லை என்று உன்னிடம் சொன்னாளே, அந்த வரிதான் இதைச் செய்தது. அவளிடம் என் நன்றியைச் சொல்.

அக்கா

*

ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவள் பயிற்சிக்காக வேறு ஊரில் இருக்கிறாள். அங்கே விமானத்தின் முன்பக்கம் மட்டும் ஓர் அறைக்குள் இருக்கிறதாம். ஆடும், சாயும், எங்கேயும் போகாது. தினமும் புதுப்புதுச் சீட்டாகக் கொடுத்து மாற்றி மாற்றிச் சோதிக்கிறார்கள். "எங்கயும் போகாமலே இவ்வளவு களைப்பா இருக்கும்னு எனக்கு இப்பத்தான் தெரியுது," என்றாள்.

ஏழு விமானங்கள் என்று வாசித்தபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொடர்பு விட்டுப்போனது என்று நினைத்து அம்மா, அம்மா என்று கூப்பிட்டேன். "இருக்கேன். அந்த இடத்தை இன்னொரு தடவை வாசி," என்றாள்.

கேப்டன் மாமாவைப் பற்றி நான் கொஞ்சம் மோசமாக எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன், திருத்திக்கொள்கிறேன். அம்மா போன் செய்த அன்று மாலையே அவரும் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டாராம். 'போனில் பேசிக்கொண்டே ம் போட்டேன், திரையைப் பார்த்தேன் ஆனால் படிக்கவில்லை' என்று எழுதினாராம். மறுநாள் வீட்டுக்கு வந்து அப்பா கடையில் கண் பரிசோதனை செய்துகொண்டார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அப்பா சொன்னதும், "இருந்திருந்தா நல்லா இருக்கும்யா, அது மேல பழியைப் போட்டிருக்கலாம்," என்றார். இந்த முறை எல்லோரும் சிரித்தோம்.

நான்காவது பட்டை ஒரு வருடம் தள்ளிப்போய்விட்டது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஊருக்குக் கிளம்பும் முன் அம்மா சீருடைக்கு இஸ்திரி போடும்போது தோள்பட்டையில் நான்காவது பட்டைக்கான இடத்தைக் கட்டை விரலால் ஒரு தரம் தேய்த்தாள். பிறகு மடித்துவைத்தாள். அவளுக்கு வலிக்கிறது. ஆனால் இந்த வலி ஜூன் மாத வலி மாதிரி இல்லை. இப்போது அவள் சாப்பிடும்போது என்னைப் பார்க்கிறாள்.

பயிற்சியில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாளாம். சீட்டு வந்த அடுத்த நொடி, பழைய பெரிய தாளை மடித்துத் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துவிடுகிறாள். "நான் மேல உக்காந்திருக்கிற தாளை எப்படிடீ பாத்து வாசிக்க முடியும்?" என்கிறாள். கூட இருப்பவர்கள் சிரித்தார்களாம். மூன்றாம் நாள் இன்னும் இரண்டு பேர் தாள்மேல் உட்கார்ந்தார்களாம்.

மொட்டை அண்ணனுக்கு என் நன்றி. அவருடைய தம்பிக்கும், பழுதான உங்கள் வண்டிக்கும்கூட நன்றி. பங்கு போட்டால் உங்களுக்குக் குறைந்துவிடும் என்று பார்த்தேன், குறையவில்லை.

ஆகஸ்ட் 9 காலை அம்மா மறுபடி பறக்கிறாள். அதே விமானம், அதே நேரம், அதே கேப்டன் மாமா. கடைக்கு ஒரு நாள் விடுமுறை விட்டு அப்பா எனக்கும் அவருக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறார். நான் இதுவரை அம்மா ஓட்டும் விமானத்தில் போனதே இல்லை.

பேனா

*

ஆகஸ்ட் 2

பேனாவுக்கு,

பணிப் பட்டியலைப் பார்த்தேன். எட்டாம் தேதி இரவு எனக்குத்தான். ஒன்பதாம் தேதி காலை ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மொட்டை அண்ணன் வருவார்.

வண்டியைச் சரிசெய்துவிட்டேன். இருந்தாலும் இப்போதெல்லாம் நான் ஐந்து நிமிடமும் நிற்கிறேன். சில நாள் ஆறு.

சன்னலோரம் உட்கார். இடதுபுறம் சாய்ந்தால் மட்டும் எனக்கு எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இதை விமானத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் வரிசை, சன்னலோரம். வெளியே இன்னும் இருட்டு. அப்பா பக்கத்தில் மூன்றாவது முறையாக இடுப்பு வாரைச் சரிபார்க்கிறார்.

ஏறும்போது முன்னறைக் கதவு திறந்திருந்தது. பணிப்பெண் என்னை ஒரு நிமிடம் அங்கே நிற்கவிட்டாள். அம்மா திரும்பிப் பார்த்தாள். சீருடையில் அவள் என் அம்மா மாதிரியும் இருந்தாள், யாரோ மாதிரியும் இருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டதும் அம்மாவாகிவிட்டாள். அப்போது இரண்டு இருக்கைகளுக்கும் நடுவிலிருந்த சின்ன இயந்திரம் கிர்ரென்று ஒரு சீட்டை வெளியே தள்ளியது. முதல் வரி பெரிய எழுத்தில் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது: பாதை மாறியிருக்கிறது.

அந்த வரியை அனுப்பியது நீங்கள்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மா மடியிலிருந்த பெரிய தாளை எடுத்து நான்காக மடித்தாள். என்னைப் பார்த்தபடியே கொஞ்சம் எழுந்து, அதைக் கீழே வைத்து உட்கார்ந்தாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, புருவத்தை மட்டும் தூக்கினாள். உடனே ரேடியோவில் ஒரு பெண் குரல் பாதை மாறியிருக்கிறது, கவனித்தீர்களா என்று கேட்டது. நிதானமான குரல், தூக்கம் இல்லாத குரல். நான் உங்கள் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வணக்கம் அக்கா என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

இடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகும் கதவைச் சாத்தவில்லை. அம்மா ஒவ்வொரு பெயராக வாசிப்பது கேட்டது. கேப்டன் மாமா ம் போடவில்லை. திரையில் இருப்பதைத் தன் வாயால் திருப்பிச் சொன்னார். நடுவில் அவருடைய போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை அம்மா காத்திருந்துவிட்டு, விட்ட பெயரிலிருந்து தொடங்காமல் முதல் பெயரிலிருந்து வாசித்தாள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். கதவைச் சாத்தும்வரை விடவில்லை.

இப்போது மணி ஐந்து நாற்பது. விமானம் மெதுவாக ஊர்ந்து போகிறது. ஓடுபாதைக்குப் போகும் வழியோரம் நீல விளக்குகள் வரிசையாகத் தெரிகின்றன. நாங்கள் மேலே போய் முதல் திருப்பத்துக்கு வரும்போது மொட்டை அண்ணன் உட்கார்ந்திருப்பார், நீங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பீர்கள். இந்தப் புள்ளிக்குள் நானும் இருக்கிறேன், அக்கா. சன்னலோரம், இடதுபுறம். சாய்ந்தால் எழுதச் சொன்னீர்கள். சாயாது என்று தெரிந்தும் எழுதுகிறேன். ஏனென்றால், நன்றி என்று நான் இதுவரை எழுதியதெல்லாம் நடந்து முடிந்ததற்கு. இது இன்னும் நடக்காததற்கு, இனி நீங்கள் நிற்கப்போகும் அந்த ஐந்து...

விமானத்துக்குள்ளே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.